பூவோடு போனவளும் பெயரில்லாதவளும்

மகாளய அமாவாசையன்று காஞ்சிபுரம் சர்வதீர்த்தக் குளக்கரையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விரலில் தர்ப்பைப் பவித்திரம். முன்னால் வாழையிலை, பச்சரிசி, கறுப்பு எள். புரோகிதர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். பெண்கள் படியில் நின்றுகொண்டிருப்பார்கள், கணவனின் சட்டையையும் செல்பேசியையும் பிடித்தபடி. அவர்களுக்கு வேலை வீட்டில் இருக்கிறது. வெங்காயம் பூண்டு சேர்க்காமல், வாழைக்காயும் பாகற்காயும் அவரைக்காயும் போட்டு, ஒருவாய்கூட ருசி பார்க்காமல் சமைத்து முடிக்க வேண்டும். காக்கைக்கு வைத்த பிறகே மற்றவர்களுக்கு.

அந்த வரிசையின் அருகே கொஞ்ச நேரம் நின்று காது கொடுத்தால் இன்னொன்றும் கேட்கும். புரோகிதர் பெயர்களைக் கேட்பார். அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்கள் ஓரளவு தடையில்லாமல் வரும். அம்மா பெயர் வரும். அப்பாவைப் பெற்றவள் பெயருக்கு ஒரு நொடி யோசனை. தாத்தாவைப் பெற்றவள் பெயர் கேட்டால் படியில் நிற்கிற மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள். அவளுடைய பாட்டியின் பெயரைச் சொல்ல வேண்டியவன் வேறொரு குளக்கரையில் அவளுடைய அண்ணனாக உட்கார்ந்திருக்கிறான்.

முன்னோரை நினைப்பது நல்ல காரியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. யாருடைய முன்னோர், யார் நினைப்பது, எந்தத் தகுதியில் ஒருத்தி ‘முன்னோர்’ ஆகிறாள் என்பதுதான் கேள்வி. தமிழில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அது நேர்க்கோட்டில் போகிற வரலாறு அல்ல.

வள்ளுவர் இல்லறத்தானின் கடமைகளை ஐந்தாக அடுக்கும்போது தென்புலத்தாரை முதலில் வைக்கிறார். புறநானூற்றின் 9ஆம் பாட்டில், முதுகுடுமிப் பெருவழுதியின் போருக்கு முன் பாதுகாப்பான இடம் தேடிப் போகச் சொல்லப்படுகிறவர்கள் பட்டியலில் பசு, பார்ப்பனர், பெண்டிர், நோயாளிகளோடு, தென்திசையில் வாழ்வோர்க்குக் கடன் செய்யும் புதல்வரை இன்னும் பெறாதவர்களும் இருக்கிறார்கள். மகனில்லாதவன் சாகக்கூடாது, செத்தால் அவனுக்கும் அவன் தந்தைக்கும் பசியாற்ற ஆளில்லை. மகன் என்பவன் சோறு போடுகிறவன், அதுவும் இறந்த பிறகு. இந்த ஒரு கணக்கின் மேல்தான் எத்தனை பெண்களின் கருப்பைகள் கேள்விக்குள்ளாக்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்கலாம். ‘கொள்ளி வைக்க ஒரு பிள்ளை’ என்பது இன்றைக்கும் பிரசவ அறை வாசலில் சொல்லப்படும் வாக்கியம்.

ஆனால் அதே புறநானூற்றில் 234ஆம் பாட்டு இருக்கிறது. வேள் எவ்வி இறந்துவிட்டான். வாயில் திறந்து வைத்துப் பலரோடு கூடி உண்டவன் அவன். இப்போது அவன் மனைவி, பெண்யானையின் காலடி அளவு சின்ன இடத்தை மெழுகி, புல்லின்மேல் சிறிய பிண்டம் ஒன்றை வைக்கிறாள். இதை அவன் எப்படித் தனியாக உண்டானோ என்று வெள்ளெருக்கிலையார் கேட்கிறார். உரைகளும் வகுப்பறைகளும் இந்தப் பாட்டில் எவ்வியின் வள்ளன்மையைத்தான் பார்த்து வந்திருக்கின்றன. பிண்டம் வைக்கிற கையைப் பாருங்கள். அது மகனின் கை அல்ல, காதலியின் கை. புலவர் அதை விதிமீறலாகவோ மாற்று ஏற்பாடாகவோ சொல்லவில்லை, இயல்பாகச் சொல்கிறார். 249ஆம் பாட்டிலும் ஒரு பெண் சுளகளவு இடத்தைத் தன் கண்ணீரையே நீராகக் கொண்டு சாணத்தால் மெழுகுகிறாள். பெண் சடங்கு செய்யக்கூடாது என்பது ‘ஆதிகாலத்திலிருந்தே’ என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு சின்ன மெழுகிய இடங்களைக் காட்டினால் போதும்.

இதைப் பொற்காலமாக்கவும் நான் தயாராக இல்லை. அப்படி மெழுகியவள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தாள் என்பதை 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு சொல்கிறாள்: நெய் தொடாத சோறு, எள் துவையல், வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. அதைவிடச் சிதை மேல் என்று சொல்லித் தீக்குள் போகிறாள். பிண்டம் வைக்கும் உரிமை இருந்தது. வாழும் உரிமை சுருங்கியிருந்தது. ஓர் உரிமை மற்றொன்றைத் தானாகக் கொண்டுவருவதில்லை.

மகன் இல்லாதவனின் பயம் எவ்வளவு பெரியது என்றால் அதைத் தீர்க்கக் கடவுளே இறங்கி வரவேண்டியிருக்கிறது. செங்கல்பட்டுக்கு அருகே நென்மேலியில், கோயிலுக்காகப் பொருளையெல்லாம் செலவிட்டு உயிரையும் விட்ட பிள்ளையில்லாத தம்பதிக்குப் பெருமாளே சிராத்தம் செய்கிறார் என்பது தலக்கதை. கும்பகோணத்தில் சாரங்கபாணி, கோபுரம் கட்டிய பக்தருக்குத் திதி கொடுக்கிறார். திருவண்ணாமலையில் அருணாசலேசுவரர், வாரிசில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகனாகி மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்படுகிறார். அழகான கதைகள்தான்; நென்மேலிக்கு மகன் இல்லாத பெண்களும் கண்ணீரோடு போய்வருகிறார்கள், அவர்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனாலும் கவனியுங்கள்: மகன் இல்லாத இடத்தை நிரப்பப் பிரபஞ்சத்தின் தலைவன் வருகிறான், மகள் வருவதில்லை. கதை கட்டிய மனத்துக்கு, கடவுள் மகனாவது எளிது. மகள் எள் இறைப்பது கடினம்.

ஏன் மகன் என்பதற்குச் சாத்திரம் ஒளிவுமறைவில்லாமல் பதில் வைத்திருக்கிறது. சிராத்தத்தில் மகன் சொல்லும் ஒரு பழைய மந்திரத்தை மநுஸ்மிருதியின் 9ஆம் அத்தியாயம் எடுத்துக்காட்டுகிறது. என் தாய் கற்பு வழுவி எங்காவது ஆசைப்பட்டிருந்தால், அந்த விந்தையும் என் தந்தையே தனதாக்கிக் கொள்ளட்டும் என்பது அதன் சாரம். தாய் இறந்து போயிருக்கிறாள். அவளுக்குச் சோறு படைக்கிறான். படைக்கும்போதே அவள்மேல் சந்தேகத்தையும் வைக்கிறான். வடமொழி தெரியாததால் பெரும்பாலோர்க்குத் தாங்கள் சொல்வது என்னவென்று தெரியாது என்பார்கள். தெரியாமல் சொன்னாலும் அந்த வாக்கியத்தின் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. முன்னோர் வழிபாட்டின் மையத்தில் இருப்பது நினைவு அல்ல, வித்து யாருடையது என்ற கவலை. அந்தக் கவலைக்குப் பெண் எப்போதும் ஓர் ஆபத்து.

இதையெல்லாம் சொல்லும்போது, ‘இது பிராமணியச் சடங்கு, நம் மக்களிடம் பூவாடைக்காரி இருக்கிறாள்’ என்று ஒரு குரல் எழும். நியாயமான குரல். இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பூவாடைக்காரியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளை அழைத்தாக வேண்டும். கிணற்றுக்கோ குளத்துக்கோ போய்த் தண்ணீர் மொண்டு, கரகத்தில் வேப்பிலையும் பூவும் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். கிணறு தூர்ந்த வீடுகளில் இப்போது போர் போட்ட குழாயடி. பம்பையும் உடுக்கையும் சிலம்பும் ஒலிக்கும். படையலில் புதுப்புடவை, வளையல், மஞ்சள், குங்குமம், இறந்தவளுக்குப் பிடித்த பண்டம். பம்பைக்காரர் வர்ணித்துப் பாடப் பாட, வீட்டில் யார்மேலாவது இறங்குவாள், பெரும்பாலும் ஒரு பெண்ணின்மேல். யார் வந்திருப்பது என்று கேட்பார்கள். வந்தவள் தன் பெயரைச் சொல்வாள், குறை சொல்வாள், அழுவாள். மானிடவியலாளர் இசபெல் நபகோவ் பழைய தென்னார்க்காட்டில் கள ஆய்வு செய்து 2000இல் வெளியிட்ட நூலில் இந்தச் சடங்கை விரிவாக எழுதியிருக்கிறார். நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் நடுகல்லுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூவாடைக்குக் கொடுத்திருந்தால் இதைத் தமிழிலேயே படித்திருக்கலாம்.

சர்வதீர்த்தக் குளக்கரைக்கும் பூவாடைக் கரகத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. குளக்கரையில் மறந்துபோன பூட்டியின் பெயர், இங்கே ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. அங்கே அவள் கணவனின் கோத்திரத்தில் ஒட்டிக்கொண்டவள். இங்கே அவள் வராமல் கல்யாணம் நடக்காது. அவள் குறை கேட்கப்படுகிறது. உயிரோடு இருந்தவரை மாமியார் முன்னால் வாய் திறக்காத மருமகள், இறங்கிய நேரத்தில் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். தமிழ்ப் பெண்கள் தங்கள் வரலாற்றை எழுதி வைத்த ஏடு ஒன்று ஒப்பாரி என்றால், மற்றொன்று இந்தச் சாமியாட்டம்.

ஆனால் அந்தத் தெய்வத்தின் பெயரைக் கவனியுங்கள். பூ ஆடை. பூச்சூடியவள். பூவோடும் பொட்டோடும் போனவள் என்பதுதான் அவளுடைய முதல் தகுதி. பிராமண வீடுகளின் சுமங்கலிப் பிரார்த்தனையில் இந்த வாசற்படி இன்னும் உயரம். கணவனுக்கு முன் இறந்தவளுக்கே அங்கு இடம், கணவனோடு வாழ்கிற பெண்களே அவள் சார்பில் இலையில் உட்காரலாம். பூவாடை இவ்வளவு கறார் காட்டுவதில்லை. கைம்பெண்ணாக இறந்த பாட்டிக்கும் ஒரு புடவை வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆணுக்கு ஒரு வேட்டியும் சுருட்டும் வைக்கிறார்கள். ஆனாலும் அழைப்பு பூச்சூடியவளின் பெயரால்தான். கைம்பெண் அந்தப் பெயருக்குள் விருந்தாளியாகத்தான் நுழைகிறாள். முப்பது வயதில் கணவனை இழந்து, தார் சுற்றியே நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். இன்றைக்கு அந்தக் கல்யாணம் நடப்பதே அவள் உழைப்பில்தான். அவளைவிட, இருபத்திரண்டு வயதில் பிரசவத்தில் இறந்தவள் பெரிய தெய்வம். நீண்ட நாள் வாழ்ந்ததே ஒரு பெண்ணுக்குக் குறையாகிவிடுகிற இடம் இது.

இந்தப் பட்டு ஊரில் துணியை வைத்தே இதைப் படிக்கலாம். கூறைப்புடவையோடு ஒருத்தி நுழைகிறாள். சுமங்கலியாக இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வருகிறது, உடல்மேல் பட்டு. கணவன் இறந்தாலும் பிறந்த வீட்டிலிருந்து கோடிதான் வருகிறது, அண்ணன் தம்பி கொண்டுவந்து போடுகிறார்கள். அது அவளைப் பூவிலிருந்து விலக்குகிற துணி. ஒரே சொல், ஒரே கடை, ஒரே அண்ணன். நெய்தவருக்குத் தெரியுமா எந்தப் புடவை எதற்குப் போகிறது என்று?

சீனர்களின் சிங்மிங் நாளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஓர் எழுத்தாளர் காரணமானார். ஆண்டுதோறும் ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி சீனக் குடும்பங்கள் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, கூட்டிப் பெருக்கி, உணவு படைத்து, தாளில் செய்த பணத்தையும் துணியையும் எரிக்கிறார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைக்குச் சுண்ணாம்படித்துப் பூ வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 2008 முதல் சீனாவில் அது அரசு விடுமுறை. அழகான நாள். அதன் அடியிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்ப வம்சாவளி ஏடுகளில் மகன்களின் பெயர் இருக்கும்; மனைவியர் பெரும்பாலும் பிறந்த வீட்டுக் குலப்பெயரால் மட்டும் குறிக்கப்படுவார்கள். மணமாகாமல் இறந்த மகளுக்குப் பிறந்த வீட்டுப் பீடத்தில் இடமில்லை. அவளை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் தைவானில் கன்னிப்பெண்களின் ஆவிகளுக்குத் தனிக் கோயில்கள் எழுந்தன. நம் தென்மாவட்ட வீடுகளில் கன்னிக்கென்று ஓலைப்பெட்டியில் பாவாடையும் வளையலும் வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளலாம். (மலேசியாவில் சீனக் குடும்பங்கள் தத்துக் கொடுத்த பெண்குழந்தைகள் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்து, தமிழ்ப் பெண்களாகவே வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களை யார் எந்தப் பட்டியலில் எழுதினார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய கதை.)

நான் சொன்ன எழுத்தாளர் அமெரிக்கச் சீனரான மாக்சின் ஹாங் கிங்ஸ்டன். 1976இல் வெளிவந்த அவருடைய ‘போர்வீராங்கனை’ நூலின் முதல் அத்தியாயத்தின் பெயரே பெயரில்லாப் பெண் என்பதுதான். சீனக் கிராமத்தில் அவருடைய அத்தை. கணவன் பொருள் தேடி அமெரிக்கா போய்ப் பல ஆண்டுகள் ஆனபின் கருவுறுகிறாள். ஊரார் வீட்டைச் சூறையாடுகிறார்கள். அன்றிரவு பன்றித் தொழுவத்தில் பிள்ளை பெற்று, பிள்ளையோடு குடும்பக் கிணற்றில் இறங்கிவிடுகிறாள். அவள் பிறக்கவே இல்லை என்பதுபோல் குடும்பம் அவளை அழித்துவிடுகிறது. இந்தக் கதையை வயதுக்கு வந்த மகளுக்கு எச்சரிக்கையாகச் சொல்லும் அம்மா, யாரிடமும் சொல்லாதே என்ற கட்டளையோடுதான் தொடங்குகிறாள். படையல் இல்லாத அந்த ஆவி, மற்ற ஆவிகளின் உணவுக்குக் கையேந்திப் பசியோடு அலைகிறது.

கிங்ஸ்டனுக்கு அத்தையின் பெயர் தெரியாது. தெரிந்த கொஞ்சத்தை வைத்துப் பல அத்தைகளைக் கற்பனை செய்கிறார்: பலாத்காரத்துக்கு ஆளானவள், காதலித்தவள், கண்ணாடி முன் தலைவாரி நின்றவள். எதையும் உறுதி செய்ய மறுக்கிறார். எனக்கு அந்த அத்தியாயத்தின் பலம் அந்த மறுப்பில் இருக்கிறது. அவளைக் குற்றமற்றவளாக நிரூபித்துவிட்டுப் பிறகு அஞ்சலி செலுத்த அவர் முயலவில்லை. எரிக்கும் தாளுக்குப் பதில் எழுதும் தாளைப் படைக்கிறார். அத்தை இதை விரும்புவாள் என்றும் அவர் நம்பவில்லை. தண்ணீரில் மூழ்கியவளின் ஆவி தனக்கு மாற்றாக ஒருத்தியை உள்ளே இழுக்கக் காத்திருக்கும் என்ற பயத்தோடு அத்தியாயம் முடிகிறது.

கிணறு என்றதும் நமக்கு நல்லதங்காள் நினைவுக்கு வருவாள். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வந்தவள். அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் அவமதிக்க, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. கிங்ஸ்டனின் அத்தை பேயானாள், நல்லதங்காள் தெய்வமானாள். ஏன் இந்த வேறுபாடு? நல்லதங்காளின் கற்பில் சந்தேகமில்லை. அவள் பிள்ளைகள் சட்டப்படி பிறந்தவர்கள். பழி முழுவதும் இன்னொரு பெண்ணின் தலையில் விழுந்துவிட்டது. அண்ணன் நல்லதம்பி நல்லவனாகவே தப்பிக்கிறான். கல்யாணமான தங்கைக்குப் பிறந்த வீட்டில் ஒருவேளைச் சோற்றுக்குக்கூட உரிமை இல்லை என்ற ஏற்பாட்டை அந்தக் கதை எங்கும் கேள்வி கேட்கவில்லை. அண்ணி கொஞ்சம் நல்லவளாக இருந்திருந்தால் போதும் என்று நம்மை அழவைத்து அனுப்பிவிடுகிறது.

அந்த ஏற்பாடு எங்கும் போய்விடவில்லை. 1989இல் தமிழ்நாடு மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுவதும் சட்டமானது. அந்த ஆண்டு தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இதற்கு நடுவே சார்பதிவாளர் அலுவலகங்களில் அக்கா தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்பாவுக்குத் திதி கொடுப்பவன் அவன்தானே என்பது அப்போது தவறாமல் சொல்லப்படும் காரணம். எள்ளும் தண்ணீரும் வெறும் நம்பிக்கை, அதில் போய்ப் பெண்ணியம் பேசுவானேன் என்று கேட்கும் தோழர்களுக்கு இந்தப் பத்திரத்தின் நகலைத்தான் காட்டுவேன்.

மீண்டும் பூவாடைக்கு. இந்தப் பகுதிக் கிணறுகளிலும் பெண்கள் விழுந்திருக்கிறார்கள், தள்ளப்பட்டிருக்கிறார்கள். அதே கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு அவர்களை வீட்டுக்கு அழைக்கிறோம். பயத்தினால் அழைக்கிறோம் என்பதையும் சொல்லிவிடலாம். அழைக்காவிட்டால் கல்யாணத்தைக் கெடுத்துவிடுவாள். வந்தவள் தனக்கு நடந்ததைச் சொல்ல வாய் திறக்கிறாள். குடும்பம் கைகூப்பிக் கேட்கிறது. பிறகு, சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு, இந்தக் கல்யாணத்தை நல்லபடியா நடத்திக்கொடு என்கிறார்கள். புடவை கைக்கு வருகிறது. வாக்குக் கொடுக்கிறாள். மலையேறுகிறாள். எந்த வீட்டில் அவள் செத்தாளோ அந்த வீட்டுக்கு இன்னொரு பெண் வருவதற்கு அவளிடமே உத்தரவு வாங்கியாயிற்று. அவளுடைய குறை கேட்கப்பட்டது, தீர்க்கப்படவில்லை. கிங்ஸ்டனின் எழுத்தில் நடக்காதது இதுதான்: அங்கே சமாதானம் இல்லை, வாக்கு இல்லை, யாருடைய கல்யாணமும் காத்திருக்கவில்லை.

ஆனால் புடவையின் கதை அதோடு முடிவதில்லை. சீனத் தாள்துணி எரிந்து இறந்தவளிடம் போய்விடுகிறது. பூவாடைக்கு வைத்த புடவை எரிவதில்லை. வீட்டுப் பெண் ஒருத்தி அதை எடுத்து உடுத்துகிறாள். இறந்தவளின் துணியும் அவள் சொன்ன வார்த்தையும் ஒரே பெண்ணின் உடம்பில் தங்குகின்றன. அவள் அதை வைத்து என்ன செய்வாள் என்று சடங்குக்குத் தெரியாது.

தமிழில் ஒரு மகள் முன்னோரின் படிமத்துக்கு முன்னால் நிற்கும் காட்சி ஒன்றை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கல் எடுப்பவன் செங்குட்டுவன். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொன்ன காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலானவையே வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களாகின்றன. வடவரசர் தலையில் கல்லை ஏற்றிக் கொண்டுவருகிறான். அங்கே ஒரு பெண்ணின் நினைவு ஓர் அரசனின் படையெடுப்பாகிறது. மணிமேகலையில் அதே வஞ்சிக்கு ஒரு பெண் தனியாக வருகிறாள். கண்ணகி அவளைப் பெறவில்லை. அவள் மாதவியின் மகள். குலமகளிர் கணக்கில் சேராதவள். ஆனாலும் கண்ணகியைத் தாயாகவே எண்ணி வணங்குகிறாள், வணங்கியதோடு நில்லாமல் கேள்வி கேட்கிறாள்: ஏன் இப்படி முடித்துக்கொண்டாய்? கண்ணகியும் வரம் தருவதோடு நிறுத்திவிடவில்லை. மதுரையை எரித்த வினை தன்னை விடாது என்று ஒப்புக்கொள்கிறாள். வித்தும் கோத்திரமும் மகனும் இல்லாத முன்னோர் வழிபாடு இது. சாத்தனாரின் கதையில் இந்த மகள் அடுத்து வந்து சேரும் ஊர் காஞ்சி. பஞ்சத்தில் கிடந்த ஊருக்கு அமுதசுரபியிலிருந்து சோறு போடுகிறாள், உயிரோடு இருப்பவர்களுக்கு.

இந்த ஆண்டு மணிமேகலை நடத்தும்போது, தாய்வழியில் எத்தனை பெண்களின் பெயர் தெரியுமோ அத்தனையும் எழுதிவரச் சொன்னேன். அம்மா, அம்மாவின் அம்மா, அவள் அம்மா. பெரும்பாலான தாள்கள் மூன்றாம் வரியில் நின்றன. அதற்கு மேல் போனவற்றில் பெயருக்குப் பதில் ஊர் இருந்தது: ஆரணியா, செய்யாத்துக்காரி, வாலாஜாவா. புகுந்த வீட்டில் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், விட்டுவந்த ஊரின் பெயரால். ஒரு மாணவி மட்டும் ஐந்து வரி எழுதியிருந்தாள். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அக்கா கல்யாணத்துக்குப் பூவாடை எடுத்தபோது சித்தி மேல வந்து சொன்னாங்க மேடம் என்றாள். ஐந்தாவது பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கிணறு’ என்று எழுதியிருந்தாள்.